உருபு உள்ள உவமை, உருபு இல்லாத உவமை: தனுஷ்கோடியில் ஒரு பாட்டு

இராமேசுவரம் தீவின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். ஒன்றில் அலை அடங்கியிருக்கும், மற்றதில் புரண்டடிக்கும் என்பதால் வந்த பெயர்கள். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் பெண்கடலும் கொந்தளிக்கத்தான் செய்கிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. ஒப்புமை வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு தன்மையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுக்குகிறார்கள்.

உவமையைப் பிரிக்க நான்கு உறுப்புகளைத் தேட வேண்டும்: சொல்ல வந்த பொருள் (உவமேயம்), ஒப்பாகக் காட்டும் பொருள் (உவமானம்), இரண்டுக்கும் பொதுவான தன்மை, இணைக்கும் உருபு. பொதுத்தன்மை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்று நான்காக்குகிறது. செயல், விளைவு, வடிவம், நிறம்.

அகநானூற்றின் 70-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். 17 அடி, நெய்தல் திணை. அதில் வரும் ‘தொன்முது கோடி’யைத் தனுஷ்கோடி என்றே பலரும் கொள்கிறார்கள். ஊரார் அலர் (ஊர்ப்பேச்சு) தூற்றிய காதல் திருமணத்தில் முடிகிறது. தோழி சொல்கிறாள்:

வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலி அவிந்தன்று இவ் அழுங்கல் ஊரே

உவமேயம் ஊர், உவமானம் ஆலமரம், உருபு ‘போல’. பொதுத்தன்மை ஒலி அடங்கியது, ஆகவே இது வினையுவமம். ‘பல்வீழ்’ என்றதும் விழுதுகளை ஊரில் எதற்காவது பொருத்தப் பார்த்தால் மெய்யுவமமாக மாறி, பாட்டு கெட்டுப்போகும். மரம் எப்படிச் சத்தம் போடும்? இராமன் மறை ஆராய்ந்தபோது அடங்கியவை அதிலிருந்த பறவைகள். ஆனால் பறவை என்ற சொல்லே பாட்டில் இல்லை. ஊர் என்பதும் ஊராரைத்தான் குறிக்கிறது. உவமானத்திலும் உவமேயத்திலும் இடத்தைச் சொல்லி, அங்கே இருப்பவர்களை நம்மையே நிரப்பிக்கொள்ள விட்டிருக்கிறார் பாட்டை எழுதிய கடுவன் மள்ளனார். கடல் மட்டும் ‘முழங்கு இரும் பௌவம்’ என்று இரைந்துகொண்டே இருக்கிறது. ஊர்ச்சத்தம் மட்டும் நின்றுபோனது அதனால்தான் உறைக்கிறது.

இதே பாட்டின் தொடக்கத்தில் இன்னொரு வகை ஒப்புமை, உருபே இல்லாமல். பரதவருக்கு வேட்டம் வாய்க்கிறது, சிறுகுடி முழுக்கப் புலால் நாறுகிறது, கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கிறார்கள். மீன்பாடு கண்ட கரையில் சாதாரணக் காட்சி. ஆனால் வேட்டம் வாய்த்தது காதல் கைகூடியதற்கும், நாற்றம் பரவியது அலருக்கும், மீன் பங்கானது செய்தி வீடு வீடாகப் போனதற்கும் நிற்கிறது என்று படிக்க இடமிருக்கிறது. அடுத்தாற்போலவே ‘பலரும் ஆங்கு அறிந்தனர்’ என்று பாட்டே துணைக்கு வருகிறது. இது உள்ளுறை உவமம். ஒன்றுக்கு ஒன்று பொருந்தி முடிய வேண்டும்; ஒரே ஒரு கூறு மட்டும் ஒட்டினால் அது வெறும் வருணனை. நண்டு ஓடினாலே உள்ளுறை என்று குறித்துவைக்கிற வழக்கம் வகுப்பறைகளில் அதிகம்.

உள்ளுறைக்கு அந்நிலத்துக் கருப்பொருள்தான் (அந்நிலத்துக்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் போன்றவை) இடம். அதிலும் தெய்வம் ஆகாது என்பது தொல்காப்பிய விதி. மீனும் வலையும் நெய்தலின் சொத்து, மறைந்து நின்றாலும் கேட்பவருக்குப் புரியும். இராமன் கதை வெளியிலிருந்து வருவது. ‘போல’ என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.

உருபு மறையும் இன்னோர் இடம் தொகை. கயல்விழி உவமைத்தொகை, விழிக்கயல் உருவகம். சந்தேகம் வந்தால் வினைமுற்றைச் சேர்த்துப் பாருங்கள். ‘கயல்விழி கலங்கியது’ என்றால் கலங்கியது கண். ‘விழிக்கயல் துள்ளியது’ என்றால் துள்ளியது மீன். கண் மீனாகவே ஆகிவிட்டது. (கயல் ஏரி, குளத்து மீன் என்பதால் நெய்தல் கரையில் அதைத் துள்ளவிடும் கவிஞர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.)