அத்தரைசேஷன்: அங்கீகாரமா, இசைவா?

"அண்ணா, கீ எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் 403-ன்னு திருப்பி அனுப்புது?"

தரமணியில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து ஆவணச் சேமிப்பகத்தில் ஏற்றிக்கொண்டிருந்த தம்பி கேட்டார். கீ என்றால் சேமிப்பகத்துக்குள் நுழைவதற்கான சாவி; 403 என்பது கோரிக்கையை மறுத்துச் சேவையகம் திருப்பி அனுப்பும் பதில் எண். அவர் கையிலிருந்த தமிழ்க் குறிப்பு 'அங்கீகாரக் கோப்பைச் சரிபார்க்கவும்' என்றது. எழுதியவன் நான்தான். குழப்பம் அந்தச் சொல்லில் இருந்தது.

ஆதன்டிகேஷன், அத்தரைசேஷன் இரண்டையும் நாம் 'அங்கீகாரம்' என்றே எழுதிவருகிறோம். முன்னது 'நீ யார்' என்று கேட்பது. பின்னது 'உன்னை எதுவரை விடலாம்' என்று பார்ப்பது. ஆங்கிலமும் இதில் இடறியிருக்கிறது. வலை நெறிமுறையில் 401 என்ற எண்ணுக்கு 'அன்அத்தரைஸ்டு' என்று பெயர். ஆனால் அது சொல்வது அடையாளம் காட்டப்படவில்லை என்பதை. யாரென்று தெரிந்தும் உள்ளே விட மறுப்பதுதான் 403.

அத்தரைசேஷனின் வேர் லத்தீன் 'அவுக்தோர்': ஒன்றை ஆக்குபவர், அதற்குப் பொறுப்பேற்பவர். 'ஆத்தர்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ஆக, பொறுப்புள்ளவர் தரும் சம்மதம் என்பதே உட்பொருள். 'அங்கீகாரம்' வடசொல், ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள். அங்கீகரிக்கப்பட்ட பள்ளி என்பது பொருத்தம். கோப்பைப் படிக்க விடுவதற்கு அது பொருந்தாது. 'அதிகாரம்' என்றால் பதவி வாடை அடிக்கிறது.

எனக்குப் பிடித்த சொல் 'இசைவு'. இசைதல் என்றால் உடன்படுதல். கல்வெட்டுகளில் 'இசைவுத்தீட்டு' என்று வருகிறது: உடன்பாட்டை எழுதிக் கொடுத்த ஆவணம். தீட்டு என்பதற்கு இன்று வேறு பொருள் முந்திக்கொள்வதால் அதை மீட்கச் சொல்ல மாட்டேன். இசைவு போதும்.

ஆதன்டிகேஷனுக்கு 'அடையாள உறுதி' என்பேன். இந்த வேலை நமக்குப் புதிதல்ல. குடத்தில் இட்டுக் கயிற்றால் கட்டிய ஓலைகளை எடுக்கும்முன் 'பொறி கண்டு அழிக்கும் ஆவண மாக்கள்' அகநானூற்றின் 77ஆம் பாட்டில் இருக்கிறார்கள். முத்திரை சரிதானா என்று பார்த்துவிட்டே உடைக்கிறார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் ஆவணக் காப்பகத்தின் பெயரில் உள்ள 'ஆவணம்' அவ்வளவு பழைய சொல்.

இனி, என் குறிப்பு 'அங்கீகாரக் கோப்பு' என்று சொன்ன, நம் கணினியில் இருக்கும் அந்தக் கோப்பு. அதில் இருப்பவை சாவி எண்ணும் மறைச்சாவியும். சேவையக முகவரி, போர்ட் (இணைப்பு வாயில் எண்) போன்ற இணைப்பு அமைவுகளும் கூட இருக்கலாம். அந்தச் சாவிகள் அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. இசைவு நம்மிடம் இல்லை. சேமிப்பகத்தின் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் 'அத்தரைஸ்டு கீஸ்' என்ற கோப்பு சேவையகத்தில் இருப்பது இதனால்தான்: அது இசைவு பெற்ற சாவிகளின் பட்டியல். நம் பக்கத்துச் சாவிக் கோப்பைப் பிறர் படிக்க முடியாதபடி 600 (உரியவர் மட்டுமே படிக்க, எழுத முடியும் என்ற அமைவு) என்று பூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே மறுக்கும்.

தம்பியின் சாவிக்குப் படிக்க இசைவு இருந்தது, எழுத இல்லை. கோப்பில் எதையும் மாற்றாமல், சேமிப்பகத்தில் ஒரு வரி சேர்த்ததும் இதழ்கள் ஏறின. குறிப்பை இப்படித் திருத்தினேன்: '401 வந்தால் சாவிக் கோப்பைப் பார்க்கவும். 403 வந்தால் இசைவு கேட்கவும்.'