சுற்றுலாவில் முனைவர் பட்டம்: செட்டிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது

கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு ஒன்றில் வரவேற்பு மேசையைக் கவனித்துக்கொள்ளும் பெண் எங்கள் தெருக்காரி. ஒரு நாள் மாலை கோப்பும் கையுமாக வந்தாள். "சித்தப்பா, பிஎச்.டி. சேரப் போகிறேன். நாளைதான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். தலைப்புகூட முடிவு செய்துவிட்டேன்" என்றாள். செட்டிநாட்டு வீடுகளும் பாரம்பரியச் சுற்றுலாவும் என்று நான்கு வரிக்கு நீண்டிருந்தது தலைப்பு. ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் யார் என்று கேட்டேன். "சேர்ந்த பிறகு அவர்களே கொடுத்துவிட மாட்டார்களா?" என்றாள்.

ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஆய்வுப் பிரிவுக் கோப்புகளோடு பல ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். இந்தக் கேள்வியோடு வந்தவர்களையும், இதைக் கேட்காமலே பணம் கட்டிவிட்டு வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். சுற்றுலா, விடுதி, நிகழ்ச்சி மேலாண்மை ஆகிய மூன்றுக்கும் தனித் துறை எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருப்பதில்லை. ஓரிடத்தில் வரலாற்றுத் துறைக்குள் இருக்கும். இன்னோரிடத்தில் வணிக மேலாண்மைக்குள் இருக்கும். ஆகையால் இந்தப் பாடத்தில் மற்ற எதையும்விட முக்கியமானது, உங்கள் தலைப்பை ஏற்கும் நெறியாளர் ஒருவரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்பதுதான்.

இப்போது நடைமுறையில் இருப்பவை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்த ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டவை. அவற்றின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் எடுத்துக்கொள்ள முடியாது. "அந்த ஐயா என்னை நன்றாக அறிவார்" என்று நம்பியிருப்பவர்கள் அவருடைய ஓய்வுத் தேதியையும் தெரிந்துகொள்வது நல்லது. சுற்றுலா படித்தவர் வரலாற்றுத் துறையிலோ, விடுதித் துறைக்காரர் மேலாண்மைத் துறையிலோ சேரும்போது வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளரைச் சேர்த்துக்கொள்ள இதே விதிகள் இடம் தருகின்றன. நம் ஊர்த் தலைப்புகளுக்கு இது பெரிய வசதி. கட்டடம், வணிக வரலாறு, சமையல், விருந்தோம்பல் எல்லாம் ஒரே வீட்டுக்குள் அடங்கியிருக்கும்போது ஒரு துறைக்காரரே அத்தனைக்கும் பொறுப்பேற்பது கடினம்.

அடுத்து தகுதி. மூன்று ஆண்டு இளநிலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முதுநிலை முடித்து 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றிருந்தால் முதுநிலை இல்லாமலே சேரலாம். நான்கு ஆண்டு விடுதி மேலாண்மைப் பட்டம் வைத்திருக்கும் பலருக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை. எம்.ஃபில். படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று இனி யாரும் காத்திருக்க வேண்டாம்.

விடுதித் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கேட்டரிங் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போயிருப்பார்கள். பிறகு இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலையில் நேரடியாக ஒரு முதுநிலைப் பட்டம் வாங்கியிருப்பார்கள். டிப்ளமோ மூன்று ஆண்டு என்றாலும் அது பட்டம் ஆகாது. அதன் மேல் ஏறி நிற்கும் முதுநிலைப் பட்டமும் இங்கே செல்லாது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூன்று ஆண்டு இளநிலை, அதன் பிறகு தொலைநிலையில் சுற்றுலா எம்.பி.ஏ., 58 விழுக்காடு. முதுநிலை தொலைநிலையில் படித்ததாக இருக்கலாம், ஆனால் பிஎச்.டி.யைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ செய்ய முடியாது. அப்படிச் செய்து தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் செய்தித்தாளைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

நுழைவுக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு. சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும் என்ற பாடத்துக்கு எண் 93. நிகழ்ச்சி மேலாண்மைக்குத் தனித் தாள் கிடையாது. அவர்கள் இதையோ, 17ஆம் எண்ணுள்ள மேலாண்மைப் பாடத்தையோ எழுதுகிறார்கள். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100. கேள்விக்கு 2 மதிப்பெண் வீதம் மொத்தம் 300, மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு இல்லை. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிட்டு வராதீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் துறைச் சொற்களை ஆங்கிலத்திலும் பழகிக்கொண்டு போவது தவிர வேறு வழியில்லை. 2024-25 முதல் நெட் முடிவு மூன்று பிரிவுகளாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி.க்கும் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. பின்னிரண்டு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். தனியாக நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு என்பதால், சேர விரும்பும் இடத்தின் அந்த ஆண்டு அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். காலியிடங்களும் நெறியாளர்களின் பெயர்களும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும்.

வேலையை விட முடியாது, பகுதிநேரமாகத்தான் செய்ய வேண்டும் என்றாள் அவள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் வேலை தருபவரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரி போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் இவருடைய பணியில் கிடைக்கும், தேவைப்பட்டால், ஆய்வுக்கு முன் வகுப்பில் படிக்க வேண்டிய பாடநெறியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவளுடைய முதலாளி முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார். மூன்றாவதைப் படித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். தை, மாசியில் வெளிநாட்டு விருந்தினர் வந்துகொண்டே இருக்கும்போது மேசையில் யார் உட்காருவது என்பது அவர் கவலை. அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் பாடநெறி வகுப்புகள் நடக்கும் நாள்களைத் துறையில் எழுதி வாங்கிக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார். பாடநெறி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைத் தாள் அதில் கட்டாயம். 55 விழுக்காடு எடுத்தாக வேண்டும்.

பகுதிநேரத்துக்கு ஒரு விலை உண்டு: ஜே.ஆர்.எஃப். கிடைக்காது. முழுநேரமாகச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை, வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் முழுநேரமாக ஆய்வு செய்தால் தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. உடன்பிறந்தார் இல்லாத ஒற்றைப் பெண் பிள்ளைகளுக்கு மானியக் குழுவின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வயது 40 வரை என்பது பலருக்குத் தெரியாது. இடையில் வேலை பார்த்துவிட்டு மறுபடி படிக்க வருகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு, மொத்தம் 10. பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை பெண்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இனி அவளுடைய நான்கு வரித் தலைப்புக்கு வருவோம். செட்டிநாட்டின் வணிகர் ஊர்த் தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பிறகு "செட்டிநாடும் சுற்றுலாவும்" என்று எழுத வருகிறவர்களுக்குக் குறைவில்லை. முதலில் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் போய்ப் பாருங்கள்; ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் அங்கே கிடைக்கின்றன. பொதுவாக எழுதினால் நெறியாளரே திருப்பி அனுப்பிவிடுவார். பத்து வீடுகளை எடுத்துக்கொண்டு, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை எந்தப் பகுதி விருந்தினருக்குத் திறக்கிறது, எது பூட்டியே இருக்கிறது, ஏன் என்று கேட்டால் அது ஆய்வு. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் சாயம் ஊற்றிக் கையால் தளக்கல் வார்க்கிற பட்டறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வேடிக்கை பார்க்க வருகிறார்கள், வருகிறவர்களால் வேலை தடைபடுகிறதா என்று கேட்டால் அதுவும் ஆய்வு. நிகழ்ச்சி மேலாண்மைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: நகரத்தார் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறார்களே, அத்தனை பேருக்கு வழிநெடுகச் சோறும் படுக்கையும் ஏற்பாடாகும் விதத்தை ஒழுங்காக எழுதினால் அதைவிட நல்ல பாடம் எந்த ஐந்து நட்சத்திர விடுதியிலும் கிடைக்காது.

களப்பணியில் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார் என்பது அனுமதி ஆகாது. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் மலேசியாவில் என்று இருப்பார்கள். ஒருவர் சரி என்று சொல்லி, மற்றவர் பிறகு மறுத்தால் எடுத்த படங்களும் அளவுகளும் ஆய்வேட்டில் நிற்காது. எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு அளவுநாடாவை எடுங்கள்.

எழுதும்போது பிறர் எழுத்தை அள்ளிப்போடும் பழக்கத்துக்கு மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் தண்டனை வைத்திருக்கின்றன. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு தடை. அதைத் தாண்டினால் பதிவே ரத்து. சுற்றுலாக் கையேடுகளில் வரும் வருணனைகளை ஒருவர் பார்த்து ஒருவர் எழுதியிருப்பதால் இந்தத் துறையில் ஒற்றுமை எளிதில் ஏறிவிடும்.

ஆய்வேட்டை நெறியாளரோடு வெளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் மதிப்பிடுவார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. அது மூடிய அறைக்குள் நடப்பதில்லை. மற்ற ஆய்வாளர்களும் ஆர்வமுள்ளவர்களும் வந்து உட்காரலாம். இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். கையெழுத்துப் போட யோசித்த முதலாளியை அன்றைக்கு முன்வரிசையில் உட்காரவைப்பேன் என்றாள். முதல் நாள் அவள் கொண்டு வந்த விண்ணப்பத்தை நாங்கள் அனுப்பவில்லை. மூன்று நெறியாளர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். இருவர் இடமில்லை என்று பதில் போட்டார்கள். மூன்றாமவர், தலைப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அடுத்த சேர்க்கைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.