மலையைப் பிடித்து வைத்திருப்பது எது?

ஒரு தட்டில் உலர்ந்த மணலை மெல்லக் கொட்டிக்கொண்டே வாருங்கள். குவியல் உயரும், பக்கங்கள் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் மணல் வழிந்து அடி அகலமாகுமே தவிர, சரிவின் கோணம் கூடாது. உலர்ந்த மணலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. தட்டில் இருக்கும் கைப்பிடி மணலுக்கும் சரி, பாலைவனத்தில் 100 மீட்டர் எழுந்து நிற்கும் மணல்மேட்டின் சரியும் முகத்துக்கும் சரி, கோணம் இதேதான்.

அளவு ஏன் பொருட்டாகவில்லை? சரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் எடை நேர் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பில் ஒரு பங்கு கல்லைச் சரிவின் வழியே தள்ளுகிறது. இன்னொரு பங்கு அதைச் சரிவின் மேல் அழுத்துகிறது. அழுத்துவதால் உராய்வு கிடைக்கிறது, உராய்வுதான் பிடிமானம். கல் இரண்டு மடங்கு கனமானால் தள்ளுவதும் இரண்டு மடங்கு, பிடிப்பதும் இரண்டு மடங்கு. ஈர்ப்பு விசையே கள்ளன், அதுவே காவலன். சரிவு செங்குத்தாக ஆக ஆகத்தான் கள்ளனின் பங்கு கூடி, காவலனின் பங்கு குறைகிறது.

நிலச்சரிவு நடந்ததும் ‘மலை ஏன் சரிந்தது?’ என்று எல்லோரும் கேட்கிறோம். ஈர்ப்பு நேற்றும் இருந்தது, போன நூற்றாண்டிலும் இதே அளவில் இருந்தது. மாறியது பிடிமானம் மட்டுமே. ஆகவே, இத்தனை நாள் எது பிடித்து வைத்திருந்தது, அது எப்படிக் கைவிட்டது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பெரும்பாலான சமயங்களில் பதில் தண்ணீரில் இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாக நினைக்கும் வகையில் அல்ல. மழையில் மண் கனத்துவிடுகிறது என்பார்கள். கனம் கூடினால் பிடிமானமும் கூடும் என்று இப்போதுதான் பார்த்தோம். தண்ணீர் எண்ணெய் மாதிரி வழுக்கிவிடுகிறது என்பார்கள். மணல் துகள்களைப் பொறுத்தவரை அதுவும் சரியில்லை. இலேசாக நனைந்த மணலில்தான் கோட்டையே கட்ட முடிகிறது. துகள்களுக்கு இடையே ஒட்டி நிற்கும் சிறு நீர்ச்சொட்டுகள் தங்கள் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. உலர்ந்த மணலில் நிற்காத செங்குத்துச் சுவர் ஈர மணலில் நிற்பது இதனால்தான்.

இன்னும் தண்ணீர் ஊற்றினால் இடைவெளிகள் முழுக்க நிரம்பிவிடும். சொட்டுகளின் இழுப்பு மறைந்துபோகும். அதைவிட முக்கியமாக, துளைகளில் அடைபட்ட தண்ணீர் மேலிருக்கும் சுமையில் ஒரு பகுதியைத் தானே தாங்கத் தொடங்கும். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். அவர் உடலில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் பாதம் தரையில் அழுந்தவில்லை, ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்துவிடுவார். மண்ணுக்குள்ளும் இதே கதைதான். துகளைத் துகள் அழுத்தும் விசை குறைகிறது, கூடவே உராய்வும் குறைகிறது. இதைக் கணக்காக வகுத்துத் தந்தவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர். 1920களில் அவர் சொன்ன இந்தக் கருத்தின் மேல்தான் இன்றைய மண் இயக்கவியல் நிற்கிறது.

மழை விட்டு வெயில் அடித்த பிறகும் சில மலைகள் சரிவது ஏன் என்பதும் இதிலிருந்து புரியும். நீர் கீழே ஊறி, ஆழத்தில் அழுத்தம் ஏற நேரம் பிடிக்கிறது. மேல்தோல் போன்ற மண் சில மணி நேரத்தில் வழுகலாம். ஆழமான சரிவுக்கு நாட்கள், சில நேரம் வாரங்கள்.

இந்தப் பாடத்தை மிகக் கொடூரமாகக் கற்பித்த இடம் வட இத்தாலியின் வையோன்ட் அணை. ஏறக்குறைய 262 மீட்டர் உயரம். 1960இல் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். பக்கத்திலிருந்த டோக் மலையின் சரிவு மெல்ல நகர ஆரம்பித்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு பகுதி உடைந்து ஏரிக்குள் விழுந்தது. மலைமேல் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. பொறியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: நீர்மட்டத்தை ஏற்றினால் மலை வேகமெடுக்கிறது, இறக்கினால் அடங்குகிறது. சரி, மட்டத்தை வைத்தே மலையின் நகர்வைக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்று நம்பினார்கள்.

அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள் சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள களிமண் அடுக்குகள் இருந்தன. ஏரி உயர, அந்த அடுக்குகளில் நீரழுத்தம் ஏறியது. 1963 இலையுதிர் காலத்தில் மட்டத்தை மறுபடி இறக்கியபோது, இந்த முறை மலை அடங்கவில்லை. நகர்வு ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரை போனது. அக்டோபர் 9 இரவு, சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிடத்துக்குள் ஏரியில் இறங்கியது. அணையைத் தாண்டி எழுந்த அலை கீழேயிருந்த லோங்கரோனே ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அணை மட்டும் உடையவில்லை. இன்றும் நிற்கிறது, பின்னால் தண்ணீருக்குப் பதில் மலையோடு.

சில களிமண்களுக்கு இவ்வளவு தூண்டுதல்கூட வேண்டாம். நார்வே போன்ற இடங்களில், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த களிமண் இப்போது நிலமாக எழுந்து நிற்கிறது. அதன் நுண்தகடுகள் சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒட்டி வைத்திருப்பது கடல் உப்பு. பல்லாயிரம் ஆண்டுகள் நன்னீர் ஊறி உப்பைக் கழுவிவிட்டால், வீடு வெறுமனே நின்றுகொண்டிருக்கும். 1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸா என்ற ஊரில், பண்ணைக் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் குவித்தார்கள். அவ்வளவுதான். கெட்டியாக இருந்த நிலம் கஞ்சியாகி, 50 லட்சம் கன மீட்டருக்கு மேல் ஏரிக்குள் ஓடியது. வீடுகள் நின்ற கோலத்திலேயே மிதந்து போவதை ஊர்க்காரர்கள் எடுத்த படச்சுருளில் பார்க்கலாம்.

இத்தனை ஆரவாரம் இல்லாமல், தினமும் நடக்கும் ஒரு நகர்வும் உண்டு. குளிர்நாட்டுச் சரிவில் ஈரமண் உறையும்போது ஒரு துகள் சரிவுக்குச் செங்குத்தான திசையில் உயர்த்தப்படுகிறது. பனி உருகும்போதோ அது நேர் கீழே இறங்குகிறது. ஏறிய வழி வேறு, இறங்கிய வழி வேறு. நிகரக் கணக்கில் துகள் ஒரு மயிரிழை கீழே வந்திருக்கும். உறைபனி இல்லாத இடங்களில், நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்கும் களிமண்ணும் வளை தோண்டும் உயிர்களும் இதையே செய்கின்றன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். வேலிக்கம்பங்கள் சாய்வதிலும், மரத்தின் அடிப்பகுதி வளைந்து பிறகு நிமிர்வதிலும் பல நேரங்களில் இதன் கையெழுத்தைப் பார்க்கலாம்.

மண்மூடிய குன்றுகளின் உச்சி ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதை இந்த ஊர்வை வைத்து 1909இல் விளக்கினார் அமெரிக்கப் புவியியலாளர் ஜி. கே. கில்பர்ட். எனக்கு மிகப் பிடித்த விளக்கம் இது. உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள இடம் தனக்கு மேலிருந்து வரும் கொஞ்ச மண்ணைக் கடத்தினால் போதும். இன்னும் கீழேயுள்ள இடமோ அதற்கு மேலே உள்ள அத்தனை மண்ணையும் கடத்தியாக வேண்டும். சரிவு கூடினால்தான் கடத்தும் அளவு கூடும். எனவே கீழே போகப் போகச் சரிவு செங்குத்தாகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் அந்த வளைவு.

பிடிமானத்தைக் குலைப்பதில் மனிதரும் சளைத்தவர்கள் அல்ல. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டினால், மேலிருப்பதை முட்டுக்கொடுத்த மண் போய்விடுகிறது. 1881இல் சுவிட்சர்லாந்தின் எல்ம் ஊரில், பலகைக்கல் எடுப்பதற்காக மலையடியைக் குடைந்துகொண்டே போனதில் மலை இறங்கி 115 பேர் இறந்தார்கள். காட்டை வெட்டினால் விளைவு உடனே தெரியாது. வேர்கள் மண்ணுக்குள் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அவை மக்கிய பிறகு வரும் பெருமழையில்தான் தெரியும்.

பிடிமானத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும், அதற்குப் பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றினாலே போதும். சரிவுக்குள் ஏறக்குறைய கிடையாகத் துளையிட்டு, ஓட்டைகள் கொண்ட குழாய்களைச் செருகுகிறார்கள். மலையோரத் தடுப்புச் சுவர்களில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகளுக்கும் அதுதான் வேலை. அவை அடைத்துக்கொண்டால் அந்தச் சுவர், மண்ணைத் தாங்குவது போதாதென்று, பின்னால் தேங்கும் தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கும்.