ரீசெட்டர் இங்க் ஊற்றாது

"நாலு கலரும் ஃபுல் காட்டுதுண்ணே, வெள்ளைத் தாளாத்தான் வருது."

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று எந்த ஊரிலிருந்து போன் வந்தாலும் இதே பேச்சுதான். போய்ப் பார்த்தால் பிரிண்டருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சிப் ரீசெட்டர், அதாவது கேட்ரிட்ஜ் சிப்பில் உள்ள இங்க் கணக்கை அழிக்கும் பெட்டி, கிடக்கும். கேட்ரிட்ஜைக் கழற்றிக் கையில் எடுத்தால் கனமே இருக்காது. போன வாரம் மண்டபம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்ததோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. திரும்பத் திரும்ப ரீசெட் மட்டும் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். வாங்கி வைத்த இங்க் பாட்டிலின் சீல்கூட உடைபடவில்லை. கேட்டால், "பச்சை லைட் எரிஞ்சுச்சேண்ணே" என்கிறார் கடைத் தம்பி.

பச்சை லைட் எரியும். அதற்குத்தான் அந்தப் பெட்டி. அதற்கும் இங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேட்ரிட்ஜில் இருக்கும் சிப் இங்கை அளப்பதில்லை. பல கேட்ரிட்ஜில் மிதவையும் கிடையாது, சென்சாரும் கிடையாது. இத்தனை துளி தெளித்தேன், ஹெட்டை (தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங் செய்ய இவ்வளவு போனது என்று பிரிண்டர் கணக்குப் போட்டு, அதைச் சிப்பில் எழுதி வைக்கிறது. கணக்கு தீர்ந்ததும் 'இங்க் இல்லை' என்று நின்றுவிடும். ரீசெட்டரின் ஊசிமுனைகளைச் சிப்பின் மேல் சில நொடி அழுத்தினால் அந்தக் கணக்கு அழிந்து, புதுக் கேட்ரிட்ஜ் என்று பதிவாகும். அவ்வளவுதான் நடக்கிறது. பைக்கில் ட்ரிப் மீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பினால் டேங்கில் பெட்ரோல் ஏறிவிடுமா?

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். "காலின்னு காட்டின கேட்ரிட்ஜை உடைச்சுப் பார்த்தேன், உள்ள இங்க் இருந்துச்சே, கம்பெனிக்காரன் ஏமாத்துறான்." இருக்கும்தான். ஹெட்டுக்குள் காற்று புகுந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துகிறார்கள். புதுக் கேட்ரிட்ஜ் விற்கிற ஆசையும் அதில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இங்க் ஊற்றாமல் ரீசெட் போட்டால் அந்த மிச்சத்தில் கொஞ்சம் பக்கம் ஓடுவதால்தான், 'பார்த்தீங்களா, வேலை செய்யுது' என்ற நம்பிக்கையே வருகிறது. பிரிண்டரோ முழுக் கேட்ரிட்ஜ் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறது. மிச்சம் தீர்ந்த பிறகு எச்சரிக்கை சொல்ல அதனிடம் கணக்கே இல்லை. அதை நீங்கள்தான் அழித்துவிட்டீர்கள்.

அப்புறம் ஹெட். எப்சன் மாதிரி ஹெட் பிரிண்டரிலேயே இருக்கும் வகையில் காற்று ஏறி நாசில்கள், அதாவது இங்க் வெளிவரும் நுண்துளைகள், அடைபடும். உடனே கிளீனிங் மேல் கிளீனிங் போடுவார்கள். சூட்டில் இங்கைத் தெறிக்கவிடும் வகையில் ஹெட்டுக்குள் இருக்கும் ஹீட்டரைக் குளிரவைப்பதே இங்க்தான். இங்க் இல்லாமல் ஓட்டினால் கருகும். கருகிய ஹெட்டை நானும் சரிசெய்ய முடியாது, யாரும் முடியாது.

ரீஃபில் பண்ணாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஐந்து ரூபாய்க்குக் கலர் பிரிண்ட் போடும் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் புதுக் கேட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஊற்றிவிட்டு ரீசெட் பண்ணுங்கள். முதலில் இங்க், பிறகுதான் சிப். பிரிண்டர் காலி என்று நிற்கும்வரை காத்திருக்காமல், கொஞ்சம் இருக்கும்போதே ஊற்றுவது இன்னும் நல்லது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு மில்லி இங்க் ஏறத்தாழ ஒரு கிராம். புதுக் கேட்ரிட்ஜின் எடையை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள், அதன் பிறகு எந்த லைட்டையும் நம்ப வேண்டியதில்லை. கேட்ரிட்ஜின் காற்றுத் துளையை டேப் போட்டு மூடாதீர்கள். டை இங்க் (கரைந்த சாயம்) ஓடும் கேட்ரிட்ஜில் பிக்மென்ட் இங்க்கை (கரையாத நிறத்துகள் உள்ளது) ஊற்றாதீர்கள்.

தண்ணீர். இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கேட்ரிட்ஜைக் கழுவவும், இங்க் கெட்டியாக இருக்கிறது என்று கலக்கவும் நம்ம ஊர் போர் தண்ணீரைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாளியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. முடியைவிட மெல்லிய நாசில் துளைக்குள் அது படிந்தால் என்ன ஆகும்? காவிரிக் குடிநீரும் வேண்டாம். கழுவியே ஆக வேண்டுமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். இங்கில் எந்தத் தண்ணீரையும் கலக்காதீர்கள், தயவுசெய்து.

கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ராமேஸ்வரம், பாம்பன் கடைகளில் உப்புக்காற்று பட்டுச் சிப்பைத் தொடும் பிரிண்டர் முனைகளிலும், மலிவான ரீசெட்டரின் ஊசிகளிலும் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது. 'கேட்ரிட்ஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். சிப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தால் போதும். பிளேடும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம், தங்கப் பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ரீசெட்டரை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

ரீசெட்டர் வாங்கும்போது சிப்பில் 7 முனையா 9 முனையா, உங்கள் மாடலுக்கு ஒத்துவருமா என்று பார்த்து வாங்குங்கள். சில புது மாடல்களின் சிப்பை ரீசெட் பண்ணவே முடியாது. பிரிண்டர் 'அப்டேட் பண்ணட்டுமா' என்று கேட்டால் சரி என்று தட்டிவிடாதீர்கள். நேற்றுவரை ஓடிய ரீஃபில் கேட்ரிட்ஜை இன்று ஏற்க மறுப்பது பல நேரம் அதனால்தான்.

துறைமுகத்தை நம்பியிருக்கும் கடைக்காரர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும், பிரிண்டரை அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். வாரம் ஒரு தாளாவது நாலு கலரும் வருகிற மாதிரி அடித்து எடுங்கள். இல்லாவிட்டால் ஹெட் காய்ந்துவிடும், திறந்ததும் எனக்குத்தான் போன் வரும்.

கடைசியாக, வேஸ்ட் இங்க் பேட். கிளீனிங்கில் வீணாகும் இங்க் எல்லாம் பிரிண்டரின் அடியில் ஒரு பஞ்சில் சேரும். அதற்கான கணக்கு பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது, கேட்ரிட்ஜ் சிப்பில் இல்லை. அதனால் பஞ்சு நிறைந்துவிட்டது என்று எரியும் சிவப்பு விளக்குக்குச் சிப் ரீசெட்டரை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் போட்டு அதையும் ரீசெட் பண்ணிவிட்டு, பஞ்சை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு இங்க் வழிந்து மேசையில் இருந்த ஆதார் ஜெராக்ஸ் கட்டெல்லாம் கருநீலம். கணக்கை அழிக்கும் அன்றே பஞ்சையும் மாற்றுங்கள். கையுறை போட்டு எடுங்கள், கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியோடு மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள்.