குழிவிரியன் கடித்தால் ரத்தம் ஏன் உறைவதில்லை?

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் காட்டுப் பாதையில் நடக்கிறவர்கள், கொடிமலைக்குக் கால்நடையாக ஏறுகிறவர்கள் பலரிடமும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும், பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்பார்கள். ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. அவர்கள் அதிகம் பயந்த குழிவிரியனின் நஞ்சு உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், யாரும் பிளேடைத் தொட மாட்டார்கள்.

மலாய்க்காரர்கள் உலார் காப்பாக் போடோ என்று அழைக்கும் மலாயாக் குழிவிரியனைத்தான் சொல்கிறேன். பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதியில் இது அதிகம். தடித்த, குட்டையான பழுப்பு உடம்பு. இரு பக்கமும் கருத்த முக்கோணங்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே, இரையின் உடல் சூட்டை உணரும் குழி உண்டு. காய்ந்த சருகுக்குள் அசையாமல் கிடக்கும். ஆள் நெருங்கினாலும் விலகிப் போகாது. கடித்த பிறகும் அதே இடத்திலேயே கிடப்பதுண்டு. விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கப் போனவர்கள் காலில் கடிபட்டது இதனால்தான்.

1950களில் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஹியூ அலிஸ்டர் ரீட், இப்படி வந்தவர்களைக் கூர்ந்து கவனித்தார். அவர்களில் பலரின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையவில்லை. ஆனால் அவர்களில் பலருக்குப் பெரிய ரத்தப்போக்கு எதுவும் இல்லை! அவரும் சக மருத்துவர்களும் 1963இல் லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

காரணம் பைப்ரினோஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் ரத்த நீரில் இது சுமார் 2 முதல் 4 கிராம் வரை கரைந்திருக்கும். காயம் பட்டால் திராம்பின் என்ற நொதி, இந்தப் புரதத்திலிருந்து ஏ, பி என்ற இரண்டு வகைத் துணுக்குகளை வெட்டி நீக்கும். வெட்டுப்பட்ட புரதங்கள் இழைகளாகச் சேரும். அதே திராம்பின் இன்னொரு பொருளையும் தூண்டிவிட, அது அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கும். உறுதியான ரத்தக்கட்டி இப்படித்தான் உருவாகிறது. குழிவிரியன் நஞ்சில் உள்ள அன்க்ராட் என்ற நொதியோ ஏ துணுக்கை மட்டும் வெட்டுகிறது. குறுக்குப் பிணைப்பையும் தூண்டுவதில்லை. முடிச்சு போடாத வலையைப் போலத் தளர்ந்த இழைகள்தான் மிஞ்சும். உடம்பு அவற்றை உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. அன்க்ராட் மேலும் மேலும் வெட்டிக்கொண்டே போக, கையிருப்பில் இருந்த பைப்ரினோஜன் தீர்ந்துபோகிறது. அப்புறம் உறைவதற்குப் பொருளே இல்லை. மருந்து தராவிட்டால் இந்த நிலை ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

ரத்தக் குழாய்கள் நன்றாக இருக்கும் வரை இதைத் தாங்கிக்கொள்ளலாம். நஞ்சில் குழாய்ச் சுவரைச் சிதைக்கும் நொதிகளும் உண்டு என்பதுதான் சிக்கல். மூளையிலோ வயிற்றிலோ கசிவு தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் இருப்பவரின் காலைக் கீறினால், அடைபடாத ஒரு திறப்பை நாமே உண்டாக்குகிறோம். இறுகக் கட்டுவதும் கெடுதல்தான். ஏற்கெனவே வீங்கிச் சிதையும் தசைக்கு ரத்தம் போகாமல் அது தடுத்துவிடும்.

கடிபட்டவர்களில் கணிசமானவர்களுக்கு நஞ்சு ஏறுவதே இல்லை, அல்லது மிகக் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது என்பதையும் ரீட் கண்டார். மந்திரித்துப் பிழைத்தவர்கள், பச்சிலை கட்டிப் பிழைத்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ரத்தம் கட்டும் நோய்களுக்கு உதவுமே என்று அன்க்ராட்டைப் பிரித்தெடுத்து மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். பக்கவாதத்துக்கும் சோதித்தார்கள். தொடக்கத்தில் நம்பிக்கை தந்தாலும் பிந்தைய பெரிய சோதனைகளில் அது தேறவில்லை.

சரி, காட்டில் கடிபட்டால்? பாம்பை விட்டு விலகி உட்காருங்கள். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றுங்கள். வீக்கம் வேகமாக வரும். கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். அவசர எண் 999ஐ அழையுங்கள். பாம்பை அடிக்கப் போகாதீர்கள். தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கிறோமே, அந்த வாக்லர் குழிவிரியன் வேறு இனம், அதன் நஞ்சின் வேலையும் வேறு. எந்தப் பாம்பு என்று தெரிந்தால் சரியான முறிவு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். மலாயாக் குழிவிரியனுக்கான மருந்து பாங்காக்கில் உள்ள தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்க நிறுவனத்தில் தயாராகிறது.

மருத்துவமனையில் பாம்புக்கடிக்கென்றே ஒரு எளிய சோதனை உண்டு. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். ஓடினால் முறிவு மருந்து தேவை. மருந்து அன்க்ராட்டைப் பிடித்து முடக்கியதும் கல்லீரல் புதிய பைப்ரினோஜனைச் செய்யத் தொடங்கும். 6 மணி நேரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்வார்கள். அப்போதும் ரத்தம் ஓடினால் இன்னொரு முறை மருந்து ஏற்றுவார்கள்.