அந்தச் செதில் எங்கிருந்து வந்தது?

மரத்தடியில் செதில் செதிலாக ஒரு காளான் முளைத்திருக்கிறது, பெயர் தெரியவில்லை. படம் எடுத்துத் தேடினால் அதே சாயலில் ஏகப்பட்ட காளான்கள் வந்து நிற்கும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாத பல காளான்களுக்கும் செதில் உண்டு, அதுதான் சிக்கல். அதனால் செதிலின் நிறத்தைவிட, அது எப்படி உண்டானது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

அமானிட்டா பேரினத்துக் காளான்களை இளம்பருவத்தில் ஓர் உறை முழுதாக மூடியிருக்கும். அப்போது பார்த்தால் சின்ன முட்டை மாதிரி இருக்கும். குடை விரியும்போது உறை கிழிந்து, அதன் துணுக்குகள் மேலே தங்கிவிடுகின்றன. பல அமானிட்டாக்களில் காணும் ‘செதில்’ இதுதான். நகத்தால் மெல்ல நெம்பினால் பெயர்ந்துவிடும், அடியில் தோல் வழவழப்பாகவே இருக்கும். பலத்த மழையே அதைக் கழுவிக்கொண்டு போகலாம். வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் குடையான அமானிட்டா மஸ்காரியா சில சமயம் வெறும் சிவப்பாக நிற்பது இதனால்தான்.

லெபியோட்டா, குளோரோஃபில்லம் வகைகளில் கதை வேறு. குடை விரியும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மேல்தோலே வெடிக்கிறது. நடுவில் மட்டும் தோல் முழுசாகத் தங்கி அடர்நிறப் பொட்டாகத் தெரியும். ஓரத்துக்குப் போகப் போகச் செதில்கள் சிறுத்து, விலகி நிற்கும். இவை அவ்வளவு சுலபமாகப் பெயராது.

மரத்தடி என்பதும் ஒரு துப்பு. அமானிட்டாக்களில் பெரும்பாலானவை மரவேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. மண்ணிலிருந்து நீரும் தாதுக்களும் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும். ஆகவே என்ன மரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். செதில் கொண்ட இன்னொரு பேரினமான ஃபோலியோட்டா அப்படியில்லை, பெரும்பாலும் மரக்கட்டையைத் தின்று வாழ்வது. மண்ணில் முளைத்ததுபோலத் தெரிந்தாலும், தோண்டினால் புதைந்த வேர்த்துண்டு கிடைக்கலாம்.

காம்பைப் பிடித்துப் பிடுங்கிவிடக் கூடாது. கத்தியால் மண்ணோடு கிளறி எடுங்கள். தொட்டால் விஷம் ஏறாது, அந்தப் பயம் வேண்டாம். கிழிந்த உறையின் மிச்சம் காம்பின் அடியில் ஒரு பையாகவோ வளையங்களாகவோ இருந்தால் அமானிட்டா என்ற சந்தேகம் வலுக்கும். அப்புறம் குடையைத் திருப்பிப் பாருங்கள். தகடு தகடாக இருக்கும் செவுளுக்குப் பதில் துளைகளோ தொங்கும் முட்களோ இருந்தால் மேலே சொன்ன யாவும் கழிந்துவிடும். ஸ்ட்ரோபிலோமைசிஸுக்குக் கருஞ்செதில் உண்டு, அடியில் துளைகள். சார்கோடானுக்கு முட்கள்.

அடுத்தது ஸ்போர் பதிவு, அதாவது காளானின் விதைபோன்ற நுண்தூளைத் தாளில் விழவைத்து நிறம் பார்ப்பது. காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் குடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். அமானிட்டாவுக்கு வெள்ளை, ஃபோலியோட்டாவுக்குப் பழுப்பு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸின் செவுள் இளசில் வெள்ளையாக இருந்து ஏமாற்றும், பதிவிலோ பச்சை விழும். அது வயிற்றைப் படாதபாடு படுத்தும் விஷக்காளான்.

இத்தனை பார்த்த பிறகும் தின்னலாமா என்ற கேள்விக்கு விடை இல்லை. லெபியோட்டா புருன்னியோஇன்கார்னேட்டா என்ற சின்னச் செதில் காளானில் அமாடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. செல்கள் புரதம் செய்யத் தேவையான ஆர்.என்.ஏ. உற்பத்தியை அது முடக்கும். பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் பேதியும் தொடங்கும், நடுவில் தேறியதுபோல் தோன்றும், பிறகு கல்லீரல் செயலிழக்கும். சமைத்தாலும் நஞ்சு அழியாது. நத்தை தின்றிருக்கிறதே என்பதெல்லாம் சாட்சியாகாது, அதன் உடம்பு வேறு.

சிறு லெபியோட்டாக்களைப் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும், சில நேரம் டி.என்.ஏ.வும். பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு 2012-இல் முன்மொழியப்பட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பெயரிட்ட பதிவு தரவுத்தளத்தில் இருக்க வேண்டுமே. இல்லையென்றால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.