பூச்சியைக் கொல்லும் பூஞ்சை மருந்துப் பாக்கெட்டில் சட்டப்படி என்ன இருக்க வேண்டும்?

கத்தரியில் புழு விழுந்துவிட்டது, ரசாயனம் அடிக்க மனமில்லை என்று கடைக்குப் போனால் தூள் அடைத்த ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். மேலே பியூவேரியா பேசியானா என்றோ, மெட்டாரைசியம் அனிசோப்லியே என்றோ, வெர்ட்டிசீலியம் லெக்கானி என்றோ எழுதியிருக்கும். மூன்றும் பூச்சிக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் பூஞ்சைகள். தூளில் பெரும்பங்கு வெறும் டால்க்தான். அதில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த வித்து உயிரோடு இருக்கிறதா, செத்துப்போய் டால்க் மட்டும்தான் மிச்சமா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கடைக்காரராலும் முடியாது. அதனால்தான் இதற்கு ஒரு சட்டம் தேவைப்படுகிறது.

"இயற்கைப் பொருளுக்கெல்லாமா லைசென்ஸ்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், தேவை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் அட்டவணையில் இந்தப் பூஞ்சைகளும் இருக்கின்றன. கடும் விஷமான ரசாயன மருந்துகளுக்கு எந்தச் சட்டமோ, இதற்கும் அதே சட்டம். ஃபரிதாபாத்தில் இயங்கும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு செய்யாமல் யாரும் இதை விற்க முடியாது. உயிரி மருந்துகளுக்கு ஒரு சலுகை உண்டு: 9(3பி) பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவு வாங்கி விற்றுக்கொண்டே, முழுப் பதிவுக்கான ஆய்வு விவரங்களைத் தயார் செய்யலாம். சலுகை என்றாலும் பதிவு பதிவுதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்கள் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. பயிர் ஊக்கிகளையும் 2021இல் அதே ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். பூச்சியைக் கொல்லும் பூஞ்சை அந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஒரு பாட்டிலின் மேல் "பயோ" என்று பெரிதாகப் போட்டு, உரத்துக்கான அனுமதி எண்ணை மட்டும் காட்டி, "புழுவையும் இது பார்த்துக்கொள்ளும்" என்று வாய்வழியாகச் சொன்னால், வாங்காமல் வந்துவிடுங்கள். புழு சாகும் என்று சொல்லி விற்க வேண்டுமானால் சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண் லேபிளில் இருந்தாக வேண்டும். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரித்த தேதி, காலாவதி தேதி ஆகியவையும் கட்டாயம். கூடவே நச்சின் அளவைக் காட்டும் முக்கோணம் இருக்கும். பூஞ்சை மருந்துக்கு அது பச்சை நிறம்.

லேபிளில் நான் முதலில் தேடுவது 1 × 10⁸ சி.எஃப்.யு. என்கிற வரியைத்தான். கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள, முளைக்கக்கூடிய அலகுகள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு கிலோ பாக்கெட் என்றால் 10,000 கோடி. பதிவுக் குழு வைத்திருக்கும் தர அளவு இது. நோய் உண்டாக்கும் சால்மொனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ போன்ற கிருமிகள் அறவே இருக்கக் கூடாது. மற்ற வேண்டாத நுண்ணுயிர்கள் கிராமுக்கு 10,000ஐத் தாண்டக் கூடாது. தூளில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பக்கத்தில் 1.15% டபிள்யூ.பி. என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1.15% என்பது தூளில் பூஞ்சையின் எடைப் பங்கு. தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் நனையும் தூள் என்பதைத்தான் டபிள்யூ.பி. என்கிறார்கள்.

பயிரையும் பூச்சியையும் பாருங்கள். பதிவு கொடுப்பது பூஞ்சைக்குப் பொதுவாக அல்ல, இந்தப் பயிரில் இந்தப் பூச்சிக்கு என்றுதான். மெட்டாரைசியத்துக்கு நெல்லில் புகையான், பியூவேரியாவுக்கு நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, வெர்ட்டிசீலியத்துக்குப் பருத்தியில் வெள்ளை ஈ என்றெல்லாம் பதிவுகள் இருக்கின்றன. லேபிளில் இல்லாத பயிருக்கு அடித்தால் வேலையே செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்குப் புகார் என்று போய் நின்றால் "நாங்கள் அதற்குச் சொல்லவில்லையே" என்று நிறுவனம் சுலபமாகக் கையை விரித்துவிடும்.

காலாவதி தேதி ரசாயன மருந்தைவிட இதில் ரொம்ப முக்கியம். உள்ளே இருப்பது உயிர், நாளாக ஆகச் சாகும், வெயிலில் இன்னும் சீக்கிரம் சாகும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் மேற்கு வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் இந்தப் பாக்கெட்டுகளைச் சித்திரை மாதத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். தொட்டால் சுட்டது. தேதி முடிய நான்கு மாதம் இருந்தது. ஆனாலும் நான் வாங்கவில்லை. நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். வாங்கியதை மோட்டார் ரூம் தகரக் கூரைக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள்.

சரி, இது எப்படிக் கொல்கிறது? வித்து பூச்சியின் தோலில் ஒட்டுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அங்கேயே முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. உடம்புக்குள் பெருகிய பிறகுதான் பூச்சி சாகும். இதற்குச் சுமார் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். இந்தக் கணக்கு தெரிந்தால் ஒரு மோசடியையும் பிடித்துவிடலாம். மாலையில் அடித்து, மறுநாள் காலையில் வரப்பெல்லாம் புழு செத்துக் கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். உயிரி மருந்து என்ற பெயரில் ரசாயனத்தைக் கலந்து விற்பது நடக்கிறது. உயிர்ம (ஆர்கானிக்) விளைபொருள் என்று சான்றிதழ் வாங்கியிருப்பவருக்கு எச்சப் பரிசோதனையில் அந்த ரசாயனம் தெரிந்தால் சான்றிதழே போய்விடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெளித்த நான்காம் ஐந்தாம் நாள் செத்த புழு ஐந்தாறைப் பொறுக்கி, ஈரத் துணி விரித்த டப்பாவில் மூடி வையுங்கள். சில நாளில் உடம்பின் மேல் வெள்ளையாக மாவு பூத்தால் பியூவேரியா. வெள்ளையாகத் தொடங்கிப் பச்சையாக மாறினால் மெட்டாரைசியம். வெறுமனே கறுத்து அழுகினால் அது வேறு காரணத்தால் செத்தது. நீதிமன்றத்தில் இது சாட்சியாக நிற்காது, உங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான்.

மானியத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களில் உயிரி இடுபொருள்கள் மானிய விலையில் வருவதுண்டு. எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்பது அந்த ஆண்டு வரும் ஒதுக்கீட்டைப் பொறுத்தது. வந்த சரக்கு தீர்ந்தால் தீர்ந்ததுதான். உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு, சிட்டாவும் ஆதாரும் கையில் வைத்துக்கொண்டு உதவி வேளாண்மை அலுவலரிடம் பருவத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். பூச்சி விழுந்த பிறகு ஓடினால் கிடைக்காது. மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் உயிர்ம வேளாண்மைக்கு மாறும் குழுக்களுக்கு ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளில் 31,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக விவசாயியின் வங்கிக் கணக்குக்கே வரும். பூஞ்சை மருந்தும் அந்த இடுபொருளில் சேரும். ஒருவருக்கு உச்சவரம்பு இரண்டு ஹெக்டேர்.

சிலர் சோளத்தை வேகவைத்து அதில் பூஞ்சையைத் தாங்களே வளர்க்கிறார்கள். இது குற்றமா என்று அடிக்கடி கேட்பார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, ஒருவர் தன் வீட்டுக்கோ, காய்கறித் தோட்டத்துக்கோ, தான் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே உங்கள் வயலில் நீங்கள் அடித்துக்கொள்ளலாம். அதையே பாக்கெட் போட்டுப் பக்கத்து ஊரில் விற்றால் பதிவும் உரிமமும் கேட்பார்கள். ஆனால் வீட்டில் வளர்க்கும்போது வேறு பூஞ்சை கலந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தெளிப்பதில் இரண்டு விஷயம்தான். ஒன்று, மாலை நேரம். வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தைக் கொன்றுவிடும். இரண்டு, கார்பென்டசிம், மேன்கோசெப், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. அது பூஞ்சையைக் கொல்லும் மருந்து, இது பூஞ்சை! சொல்லும்போது சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரே நடையில் வேலை முடியட்டும் என்று கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு லேபிளில் இருக்கிறபடி.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சத்தியமங்கலம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். புழு விறைத்துச் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்துச் சாகும் மஸ்கார்டைன் நோய்க்குக் காரணம் இதே பியூவேரியாதான். 1835இல் இத்தாலியில் அகோஸ்டினோ பாசி என்பவர் பட்டுப்புழுவில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் பூஞ்சைக்கு அவர் பெயரே வந்தது. மல்பெரித் தோட்டத்துக்கும் புழு மனைக்கும் அருகில் இதைத் தெளிக்காதீர்கள். பக்கத்து வயல்காரர் வளர்க்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் புகார். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பில்லில் தொகுதி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பூச்சிக்கொல்லி ஆய்வாளர் கடைக்குப் போய் மாதிரி எடுத்து மூன்றாகப் பிரிப்பார்: ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று வழக்குக்கு. அதே தொகுதிச் சரக்கு கடையில் தீர்வதற்குள் போனால்தான் இது நடக்கும். பணம் திரும்ப வேண்டுமென்றால் அது தனி வழி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பில்லோடு காலிப் பாக்கெட்டையும் அதுவரை எறியாமல் வைத்திருங்கள்.